கொழுந்து மலையிலும் ஆண்டவரின் மகிமை

(சப்ரகமுவ தோட்டங்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு உடுப்புக் கழுவ வேண்டும், விறகு பார்க்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், பிள்ளைக்குத் தலை பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்து வந்தவர்களை வெறும் பேச்சோடு திருப்பி அனுப்பக் கூடாது. அதனால் நாளைக்குக் காலையிலேயே கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயத்தைத்தான் பேச நினைக்கிறோம்.

ஆண்டவருடைய மகிமையைப் பற்றிப் பேசப்போகிறோம். இந்தச் சொல்லை நாம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஜெபத்தை முடிக்கும்போது சொல்கிறோம். பாட்டில் பாடுகிறோம். நத்தாருக்கு லயத்து வாசலில் நட்சத்திரம் கட்டும்போது சொல்கிறோம். ஆனால் திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக்களத்தில் நிற்கும்போது அந்தச் சொல் நம்மோடு வருகிறதா? இல்லை, கோயில் கதவைச் சாத்தும்போது அதையும் உள்ளே வைத்துச் சாத்திவிட்டு வந்துவிடுகிறோமா?

மகிமை என்றால் கனம்

மகிமை என்றால் நமக்கு வெளிச்சம் ஞாபகம் வரும், மேகம் ஞாபகம் வரும், தூதர்கள் ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய ஏற்பாடு எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அதில் மகிமைக்கு வருகிற சொல் 'காவோத்'. பாரமாயிருப்பது என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம்ம தமிழிலும் அப்படித்தானே? கனம் என்றால் பாரம். கனம் என்றால் மரியாதையும்தான். தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்று பத்துக் கட்டளையில் நாம் படித்திருக்கிறோம். அவர்களை லேசாக எண்ணாதே, அவர்களுக்கு உரிய பாரத்தைக் கொடு என்பதுதான் அதன் கருத்து.

பாரம் என்றால் என்னவென்று நம்ம தாய்மாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காலையிலும் பகலிலும் அந்தியிலும் கொழுந்து நிறுத்துக் கொடுக்கிறவர்கள் நீங்கள். முதுகில் இருக்கும்போது கழுத்தை இழுக்கிற கூடை, தராசில் ஏறினதும் எப்படியோ மெலிந்து போகும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். "நான் தூக்கிட்டு வந்த பாரம் எனக்குத் தெரியாதா?" என்று நீங்கள் முணுமுணுப்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். ஆண்டவருடைய மகிமையைக் காண்பது என்றால், அவர் படைத்த ஒவ்வொன்றிலும் அவர் வைத்திருக்கிற பாரத்தைக் கழிவு போடாமல் நிறுத்துப் பார்ப்பது. உலகம் லேசு என்று ஒதுக்குகிறதைக் கையில் எடுத்து, "இல்லை, இது கனம்" என்று சொல்வது. அப்படிச் சொல்லும்போது மனசுக்குள்ளே ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷமும் ஆராதனைதான்.

வேலைத்தலத்தில் தெரிந்த மகிமை

வேதாகமத்தில் ஆண்டவர் தம் மகிமையை யாருக்குக் காட்டினார், எங்கே காட்டினார் என்று கொஞ்சம் பாருங்கள்.

மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனையில் இருந்தபோது ஆண்டவர் அவனைக் கூப்பிடவில்லை. வனாந்தரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கூப்பிட்டார். அந்த ஆடுகூட அவனுக்குச் சொந்தமில்லை, மாமனாருடையது. நாம் கொழுந்து எடுக்கிற தூர் நமக்குச் சொந்தமில்லாத மாதிரிதான். அங்கே ஒரு செடி தீப்பிடித்து எரிகிறது, ஆனால் வெந்துபோகவில்லை. மோசே என்ன செய்தான்? ஆட்டை ஓட்டிக்கொண்டு தன் பாட்டில் போகவில்லை. இதென்ன என்று கிட்டே போய்ப் பார்க்கத் திரும்பினான். யாத்திராகமம் 3ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். அவன் பார்க்கத் திரும்பினதைக் கண்ட பிறகுதான் ஆண்டவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று இருக்கும். நம்ம மலையிலும் செடிக்குக் குறைவில்லை. திரும்பிப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

அடுத்தது பெத்லகேம் மேய்ப்பர். ராத்திரி ஆட்டுக்குக் காவல் இருந்தவர்கள் அவர்கள். ஊரெல்லாம் தூங்கும்போது முழித்திருந்த வேலைக்காரர். ஸ்டோரில் ராத்திரி வேலை செய்கிற தம்பிமார் இதைக் கேளுங்கள். கர்த்தருடைய மகிமை அவர்களைச் சுற்றிப் பிரகாசித்தது வேலை நேரத்தில்தான்.

மூன்றாவது, கானா ஊர்க் கலியாணம். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். அதுதான் அவர் தம் மகிமையை வெளிப்படுத்தின முதல் அடையாளம் என்று யோவான் எழுதுகிறார். கலியாணத்துக்கு வந்த பெரிய ஆட்களுக்கு அது தெரியவில்லை. பந்தி விசாரிப்புக்காரனுக்கும் தெரியவில்லை. யாருக்குத் தெரிந்தது? ஆறு கற்சாடியையும் விளிம்பு மட்டும் நிரப்பின வேலைக்காரருக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் சுமந்தவர்களுக்குத் தெரிந்தது! பீலிக்கரையில் வரிசையில் நின்று குடம் நிரப்பி, ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு வருகிற தங்கச்சிமாரே, இந்தக் கதை உங்களுடைய கதை.

இந்த மூன்று இடத்திலும் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாரும் வேலையில் இருந்தவர்கள். வேலையை விட்டுவிட்டு எங்கேயோ மகிமையைத் தேடிப் போனவர்கள் அல்ல.

ரசிக்கிறது பாவமா?

சிலர் கேட்கிறார்கள்: "விசுவாசிகள் இந்த உலகத்தைப் பார்த்து ரசிக்கலாமா? உலகம் மாயைதானே?" ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஆண்டவர் ஒவ்வொரு நாளும் ஒரு வேலையை முடித்தார். முடித்ததும் நின்று பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று கண்டார். மனுஷன் ஜெபிக்கவும் பாடவும் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆண்டவர் தம் வேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அவர் ரசித்ததை நாம் ரசித்தால் அது எப்படிப் பாவம் ஆகும்?

நம்ம தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கையில் வருகிறது ரெண்டு இலையும் ஒரு மொட்டும். தேயிலையை வெட்டாமல் எடுக்காமல் விட்டால் அது முப்பது அடிக்கு மேலேகூட மரமாக வளரும். அவ்வளவு வளரக்கூடிய உயிரை நாம் இடுப்பு மட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். எடுத்த மலைக்கு ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தால் மறுபடி கொழுந்து நிற்கிறது. எடுக்க எடுக்கக் கொடுக்கிறது. நூற்று ஐம்பது வருஷமாக இந்த நாடு அந்தப் பச்சையில் பிழைக்கிறது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். துரை போட்டார் சரி. முளைக்க வைத்தது யார்? மண்ணைக் கொத்தி, புல்லை வெட்டி, மழையில் நின்று வளர்த்த கை யாருடையது? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்லிப் பாருங்கள். ஆண்டவருடைய மகிமையும் நம்ம பாட்டன் பாட்டியுடைய கனமும் ஒரே இலையில் தெரியும்.

கேகாலைப் பக்கம் றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையிலேயே கத்தியோடு இறங்கிவிடுவீர்கள். ஏன் அவ்வளவு வெள்ளன? குளிர்ச்சியான நேரத்தில் மரத்துக்குள்ளே நீர் நிறைந்திருக்கும், பால் நல்லாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கணக்காக வெட்டின இடத்தில் சில வருஷத்தில் புதுப் பட்டை வந்து மூடிக்கொள்ளும். காயம் ஆறி, ஆறின இடத்திலேயே மறுபடி பால் தருகிற மரம் அது. தினமும் தொட்டுப் பார்க்கிற அந்தப் பட்டையில் ஆண்டவர் எழுதி வைத்திருக்கிற பாடம் கொஞ்சமா?

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் வானம் தெளிந்த காலையில் சிவனொளிபாதமலை தெரியும். 2,243 மீற்றர் உயரம். பௌத்தர் அதைப் புத்தர் பாதம் என்பார்கள், இந்துக்கள் சிவன் பாதம் என்பார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் பலரும் ஆதாம் மலை என்பார்கள். மார்கழிப் போயாவில் இருந்து வைகாசிப் போயா வரைக்கும் சனம் ஏறுகிறது. நமக்குத் தண்ணீர் தருகிற களு கங்கை அந்த மலைப்பக்கம்தான் பிறந்து, இரத்தினபுரியைத் தாண்டி களுத்துறையில் கடலோடு சேர்கிறது. பக்கத்துக் காம்பராவில் இருக்கிற இந்து அக்காவும் தெருவில் கடை வைத்திருக்கிற சிங்கள ஐயாவும் அந்த மலையைப் பார்த்துக் கை கூப்புகிறார்கள். நாமும் அந்த மலையைப் படைத்தவரை நினைத்து அதே காலையில் தலை குனியலாம். மகிமையைக் காண்கிற கண் அயலவனைக் குறைவாகப் பார்க்காது.

நாங்கள் தோட்டத்தைச் சொர்க்கமாக்கிக் காட்ட வரவில்லை. அட்டை கடிக்கிற மலை, குளவி கொட்டுகிற மலை, படங்கு நனைந்து உடம்போடு ஒட்டுகிற மலை அது என்பது எங்களுக்கும் தெரியும். கூலி போதாது என்று கேட்பதை நிறுத்தச் சொல்லவும் வரவில்லை. உரிமையைக் கேட்கிற வாயாலேயே ஆண்டவரைத் துதிக்கலாம். ரெண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

கவ்வாத்து வெட்டின மலை

பிரான்ஸ் தேசத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார். 1691இல் பாரிஸ் நகரில் இறந்துபோனார். வாலிபத்தில் சண்டைக்குப் போய்க் காயப்பட்டவர், கால் சரியில்லாதவர், பெரிய படிப்பு இல்லாதவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது குசினி வேலை. பல வருஷம் சட்டி பானையோடு கிடந்தார். பிற்பாடு மடத்தாருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். ஆனால் குசினிச் சத்தத்துக்கு நடுவிலும், கோயிலில் முழங்காலில் நிற்கிற அதே அமைதியோடு ஆண்டவரோடு இருக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அந்தக் குசினிக்காரரிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

அவருக்கு இந்தக் கண் எப்படித் திறந்தது தெரியுமா? பதினெட்டு வயசில் குளிர்காலத்தில் ஒரு மரத்தைப் பார்த்தார். ஒரு இலை இல்லை, மொட்டையாக நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் இதிலே இலை வரும், பூ வரும், காய் வரும் என்று நினைத்தார். அவ்வளவுதான். அந்த நினைப்பில் ஆண்டவருடைய பராமரிப்பு அவர் மனசில் அப்படியே பதிந்துவிட்டது. சாகும் வரைக்கும் அது அழியவில்லை.

நம்ம ஊரில் பனி விழுந்து இலை கொட்டுகிற காலம் இல்லை. ஆனால் கவ்வாத்து இருக்கிறது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருதரம் மலையைக் கவ்வாத்து வெட்டுகிறோம். பச்சையாக இருந்த இடம் குச்சி குச்சியாக, சுட்ட காடு மாதிரி நிற்கும். புது ஆள் யாராவது பார்த்தால் மலை செத்துப்போச்சு என்பார்கள். நமக்குத் தெரியும், சாகவில்லை. ரெண்டு மூன்று மாதத்தில் கணுவுக்குக் கணு சிவப்புத் தளிர் வெடிக்கும். லாரன்ஸ் ஒரு மரத்தில் பார்த்ததை நாம் ஏக்கர் கணக்கில் பார்க்கிறோம். பார்த்துக்கொண்டே, வெட்டுக்கூலி கணக்குப் பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறோம். இனிமேல் கவ்வாத்து மலை வழியாகப் போகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்கிறவர் யாராவது இருந்தால், வேலை போனவரோ, பரீட்சையில் தோற்ற பிள்ளையோ, அவரை அந்த இடத்தில் நின்று நினைத்து ஜெபியுங்கள்.

மலை சரிந்த நாள்

இங்கே ஒரு தாய் எழும்பிக் கேட்கலாம். "ஐயா, நீங்க மலையைப் பாரு, மழையைப் பாருன்னு சொல்றீங்க. அந்த மழைதானே எங்க சனத்தைக் கொண்டுபோச்சு?"

கேட்க வேண்டிய கேள்வி. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூறு பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்தது. நம்ம தோட்டத்துச் சனங்கள் மண்ணுக்குள்ளே போனார்கள். அடுத்த வருஷம், 2017 மே மாதம், இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாடு முழுவதையும் ஆட்டிவிட்டது.

அதையும் ஆண்டவருடைய மகிமை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. செத்தவர்கள் பாவிகள், அதனால்தான் மண் விழுந்தது என்று யாராவது சொன்னால் அதற்கு இயேசுவே பதில் சொல்லிவிட்டார். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் அவர் சொன்னார். லாசருவின் கல்லறைக்கு முன்னால் அவர் விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை, அழுதார்.

அப்படியானால் அந்த நாட்களில் மகிமை எங்கே இருந்தது? மண்ணைக் கிளறின கைகளில் நாம் அதைக் கண்டோம். முகாமில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த சிங்களக் கிராமத்துத் தாய்மாரிடம் கண்டோம். பெற்றவர்களை இழந்த பிள்ளையைத் தன் பிள்ளையோடு சேர்த்துப் படுக்கவைத்த அத்தையிடம் கண்டோம். சிலுவையில் தொங்கின இயேசுவிடமே ஆண்டவருடைய மகிமை தெரிந்தது என்று நம்புகிறவர்கள் நாம். ஆகவே துக்க வீட்டில் அதைத் தேடுவது நமக்குப் புதிதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகிமையைக் கவனிக்கப் பழகின கண் ஆபத்தையும் கவனிக்கும். தினமும் மலையை ஆசையாகப் பார்க்கிறவனுக்குத்தான் அது மாறினால் தெரியும். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, நேராக நின்ற மரமும் தந்திக் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிந்து வந்த பீலித் தண்ணீர் கலங்கிச் சேறாக வருவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றுபோவது - இவையெல்லாம் மண்சரிவுக்கு முன்னடையாளம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். கண்டால் கிராம சேவகருக்கும் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லுங்கள். அடைமழையில் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று உள்ளேயே படுத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயசாளிகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வதற்குத்தான் உங்களுக்குக் கண் கொடுத்திருக்கிறார்.

பேர் விழுந்த மக்கள்

மலையையும் மரத்தையும் பற்றிப் பேசினோம். ஆனால் ஆண்டவர் தம்முடைய சாயலைக் கொடுத்தது மலைக்கும் இல்லை, மரத்துக்கும் இல்லை, மனுஷனுக்குத்தான். அதனால் மனுஷனை லேசாக நிறுக்கிறவன் மகிமையைக் காணவில்லை. சிவனொளிபாதமலையைப் பார்த்து நூறு தரம் ஆஹா என்றாலும் காணவில்லை.

நம்ம மக்களை இந்த நாடு நெடுங்காலம் லேசாகத்தான் நிறுத்தது. 1850களில் தோட்டங்களுக்குச் சுவிசேஷம் சொல்ல ஒரு மிஷன் தொடங்கினார்கள். திருநெல்வேலியில் இருந்து உபதேசிமார் வந்தார்கள். பாதை இல்லாத காலம், தோட்டம் தோட்டமாக நடந்துதான் போக வேண்டும். இன்றைக்கு நம்மில் பலர் இருக்கிற சபைகளுக்கு அவர்கள் நடந்த நடைதான் அத்திவாரம். ஆனால் அந்த மிஷனுக்கு வைத்த பேர் என்ன? 'தமிழ்க் கூலி மிஷன்'. ஆண்டவருடைய பிள்ளைகள் என்று சொல்ல வந்த இடத்திலும் கூலி என்றே பேர் விழுந்தது. பிற்காலத்தில்தான் அந்தச் சொல் போனது. 1948இல் நம்ம பாட்டன்மாருடைய குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில் இத்தனை லட்சம் இங்கே, இத்தனை லட்சம் அங்கே என்று தலைக்கணக்குப் பார்த்துப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் முடிவு வந்தது.

2023இல் நம்ம மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று நினைவுகூர்ந்தபோது, முதல் வந்தவர்கள் நடந்த வழியில் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. அவர்கள் எடுத்துப் போன சொல் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்பது. மாண்பு! அதுவும் கனம்தான். கூலி என்ற இடத்தில் மாண்பு என்று எழுதுவதற்கு இருநூறு வருஷம் ஆனது. ஆண்டவருடைய புத்தகத்தில் அது முதல் நாளே அப்படித்தான் எழுதியிருந்தது.

தோட்டத்தில் நாம் "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்போம். கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆண்டவரிடம் அரைப்பேர் இல்லை. உலையில் சோறு பொங்கவிட்டுவிட்டு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற தாய்க்கும் முழுப்பேர். படுக்கையில் கிடக்கிற கிழவிக்கும் முழுப்பேர்.

இதை நம்ம நாட்டு மண்ணிலேயே வாழ்ந்து காட்டினவர் ஜோசப் வாஸ் அடிகள். கோவாவைச் சேர்ந்தவர். 1687இல் வேலையாள் வேஷத்தில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம் அது. தமிழும் சிங்களமும் படித்தார். கண்டியில் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையிலும் வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. பயத்தில் சொந்தக்காரரே நோயாளிகளைக் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய மருமகனான குருவானவரும் அவர்களைத் தேடிப் போனார்கள். குடிசை போட்டார்கள், சோறு ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. ஊர் ஒன்றுமில்லை என்று வீசின உடம்பில் அவர் ஆண்டவருடைய கனத்தைக் கண்டார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இப்போது கேள்வி நம்ம வீட்டுக்கு வருகிறது. நம்ம காம்பராவில் யாரை நாம் லேசாக நிறுக்கிறோம்? மலையில் எட்டு மணித்தியாலம் நின்று வந்து மறுபடி அடுப்படியில் நிற்கிற மனைவியை, "நீ என்ன பெரிசா செஞ்ச?" என்று கேட்கிற அண்ணன்மார் இங்கே இருக்கிறீர்களா? அந்த வார்த்தை ஒரு களவுத் தராசு. குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிறவர், ஆண்டவருடைய சாயலின் மேல் கை நீட்டுகிறார். "பொட்டப் புள்ளைதானே, ஓ.எல். வரைக்கும் போதும்" என்று கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர், ஆண்டவர் வைத்த பாரத்தைப் பாதியாகக் கழிக்கிறார். இஸ்தோப்பில் குந்தியிருக்கிற பாட்டிக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்று சின்னப் பழக்கம்

கடைசியாக, செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். பனியோ, தேயிலைத் தூரில் சிலந்தி கட்டின வலையில் நிற்கிற தண்ணீர் முத்தோ, தூரத்து மலையோ, எதுவானாலும் சரி. பெரிய ஜெபம் வேண்டாம். "ஆண்டவரே, நன்றாயிருக்கு" என்று சொன்னால் போதும். அவர் முதல் நாளில் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

இரண்டாவது, ராத்திரிச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒன்று. இன்றைக்கு என்ன நல்லதைப் பார்த்தோம் என்று வீட்டில் எல்லாரும் ஒன்று சொல்ல வேண்டும். டி.வி.யைப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள், போனைக் கீழே வையுங்கள். பிள்ளை மடுவத்தில் இருந்து வந்த குட்டி, "நத்தை பார்த்தேன்" என்று சொல்லும். சிரிக்காதீர்கள். நத்தையை நின்று பார்க்கிற கண்தான் பெரியவர்களாகிய நமக்குத் தொலைந்துபோன கண்.

மூன்றாவது, கிழமைக்கு ஒருதரம் வீட்டில் உள்ள ஒருவரிடம் அவருடைய கனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "உங்க கையாலதான் இந்த வீடு நிக்குது" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். "நீ படிக்கிறதைப் பார்த்தா எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்று மகளிடம் சொல்லுங்கள். மனசில் இருந்தால் போதாது. தராசில் வைத்தால்தானே எடை தெரியும்.

நாளைக்குக் காலையிலும் பெரட்டு இருக்கும். கூடை இருக்கும், மழையும் இருக்கலாம். மலைக்கு இறங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னாலேயே ஆண்டவர் அங்கே போய் நிற்கிறார். திரும்பிப் பார்க்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் காத்திருக்கிறார்.

அவர் உங்கள் வேலையையும் வீட்டையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.